அப்பாவிடம் கேட்ட பதினொரு கேள்விகள்

நடந்தவை இவை:

1. ரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தேழு வருடம் தபால் பை சுமந்த அப்பா, ஒரு திங்கட்கிழமை தபால் கந்தோர் வரை போய், பையை யாரிடமும் கொடுக்காமலே திரும்பி வந்தார்.

2. அதே மாதத்தில் இன்னொரு நாள், ரத்தோட்டைக்கு இறங்குவதற்குப் பதிலாக ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஏறிவிட்டார். வீதி வேலை செய்த சிங்கள ஆட்கள் பனிக்குள் அவரைக் கண்டு கூட்டி வந்து விட்டார்கள்.

3. தோட்டத்தை நடத்தும் துரை அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

4. நான் அவரைத் தொழிலாளர் லயத்திலிருந்து என் குவாட்டர்ஸுக்கு அழைத்து வந்தேன்.

5. பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது.

6. அன்று தொடங்கி அறுபத்து நான்கு நாட்கள், தினமும் காலையில் அவரிடம் பதினொரு கேள்விகள் கேட்டேன்.

7. விசாரணையில் பதினொன்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னார்.

8. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவதும் எட்டாவதும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு முன்னால் நடந்தன. இதை எழுதுவதற்குக் காரணம் அந்த மேசைதான்.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மிட்வைஃப். கண்டிப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பயிற்சி எடுத்தவள். லயத்து ஒற்றையறைக் காம்பராவிலிருந்து அப்படிப் படிக்கப் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. எனக்குப் பத்து வயதாயிருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். நான் படிக்கப் புறப்பட்ட அன்று அப்பா ஒரு தோளில் தபால் பையும் மறு தோளில் என் தகரப் பெட்டியுமாக ரத்தோட்டை பஸ் வரை வந்தார். வழியில் கண்ட எல்லோரிடமும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், “புள்ள மிட்வைப்புக்குப் படிக்கப் போகுது” என்று சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேகமாக நடங்கள் என்று சொன்னேன்.

பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுத்தது எழுதுவதைத்தான். நாடி, மூச்சு, காய்ச்சல், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது: எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். எனக்கு அது பிடித்துப்போனது. ஊர் திரும்பிய பிறகு வீட்டு வேலைகளையும் அப்படியே எழுதத் தொடங்கினேன். அப்பாவுக்கு மறதி வந்தபோதும் முதலில் ஒரு குறிப்புப் புத்தகம்தான் வாங்கினேன்.

மாத்தளையில் ஒரு டாக்டரிடம் அவரைக் காட்டினேன். அவர் அப்பாவை நெடுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். தன் பையில் இருந்த சாமான்களைக் காட்டிப் பெயர் கேட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, இது வயதோடு வரும் மூளைத் தேய்வு, திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றார். ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு என்று நான்கு விஷயம் சொன்னார். மனதைக் கலங்க விடாதீர்கள். தனியாக விடாதீர்கள். பழகிய வேலை எதையாவது கையில் கொடுத்து வையுங்கள். நேரத்துக்குச் சாப்பிடக் கொடுங்கள். நான்கையும் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு நாளும் அடையாளம் போடக் கட்டம் போட்டேன். கடைசி மூன்றுக்கும் அடையாளம் போட முடிந்தது. முதலாவதை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. நேற்றும் பார்த்தேன்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் அத்தை இருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். மகனோடும் மருமகளோடும் இருந்தார். அப்பாவை நான் குவாட்டர்ஸுக்குக் கூட்டி வந்தபோது அத்தை வேண்டாம் என்றார். அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தனிக் கக்கூசு இருக்கிறது, பக்கத்திலேயே டிஸ்பென்சரி இருக்கிறது என்று விளக்கினேன். எல்லாம் இருக்குதுதான், ஆனால் அண்ணனுக்குத் தெரிந்த சுவர் ஒன்றாவது அங்கே இருக்கிறதா என்று கேட்டார். அதை ஒரு காரணமாகவே நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு அத்தை தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பின் ஏறி வருவார். அவர் வந்தால் என்ன செய்கிறார் என்று நான் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். பயன்படும் என்று எழுதவில்லை. அப்பாவின் மறதிக்கு எதிரான தவறுகள் என்று நினைத்து எழுதினேன்.

வாசலிலேயே நின்று, “அண்ணே, ஒங்க தங்கச்சி வந்திருக்கேன்” என்பார். தன்னை அடையாளம் தெரிகிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேள்வியே கேட்பதில்லை. “இன்னைக்கு நல்ல மழ அண்ணே, மேமலைல கொழுந்து கொறவு” என்று சொல்வார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு எதையாவது சொல்வார். அது இருபது வருடத்துக்கு முந்திய மழையாக இருக்கும். அத்தை அந்த மழைக்கே போய்விடுவார். இறந்துபோன கங்காணியைப் பற்றி அப்பா பேசினால், அத்தை அந்தக் கங்காணியின் மீசையைக் கேலி செய்வார். இருவரும் சிரிப்பார்கள்.

கோதுமை மாவு வந்த சாக்கில் அத்தை ஒரு பை தைத்துக் கொண்டு வந்தார். பழைய தபால் பை போலவே மூடியும் தோள் வாரும் வைத்து. அதற்குள் பழைய நாட்காட்டித் தாள்களைப் போட்டு அப்பாவின் தோளில் மாட்டிவிட்டார். அப்பா குவாட்டர்ஸிலிருந்து மாட்டுப் பட்டி வரை நடந்து, அங்கே நிற்கும் அத்தையிடம் பையைக் கொடுப்பார். அத்தை வாங்கி, எண்ணிப் பார்த்து, வேறு தாள்களைப் போட்டுக் கொடுப்பார். அவர் திரும்பி வருவார். மழை இல்லாத நாட்களில் இப்படி நான்கைந்து தரம். அந்த நாட்களில் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். என் புத்தகத்திலேயே அது பதிவாகியிருக்கிறது.

பிறகுதான் விசாரணைக் கடிதம் வந்தது.

அப்போது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் பேச்சு. இந்தியாவா இலங்கையா, எந்த நாடு என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அத்தையின் மகன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். நான் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் மனுவையும் நானே நிரப்பி, இலங்கை என்று எழுதி, அவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். என் மனு வேறு, அவர் மனு வேறு. அவர் விசாரணையில் உளறி, இந்தியப் பட்டியலில் சேர்க்கப்பட்டால் அவர் மட்டும் போக வேண்டியிருக்கும் என்று நம்பினேன். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

உளறுவார் என்று பயப்படக் காரணம் இருந்தது. அந்த மாதங்களில் அப்பா ஒவ்வொரு நாளும் ஒரே விஷயத்தைச் சொன்னார்.

“ஊருக்குப் போகணும் தாயி. ஆத்தா ஒத்தையில கெடக்கும்.”

அவர் சொன்னது முசிறிப் பக்கத்தில் அவர் பிறந்த கிராமத்தை. அவருடைய தாய் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல். அந்தச் சாவுக்குக்கூட அவரால் போக முடியவில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார். இதை அதிகாரி முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அப்போது அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

மிஷன் ஆஸ்பத்திரியில், தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் மணிக்கொரு தரம் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார்கள். பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை. பதில் குழறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நோயாளியின் நிலையை அறிவதற்கான கேள்விகள் அவை, குணப்படுத்துவதற்கானவை அல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவற்றையே மருந்தாகக் கொடுக்க முடிவு செய்தேன். மூன்றைப் பதினொன்றாக்கினேன். ஏற்கெனவே விசாரணைக்குப் போய் வந்தவர்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்து, எழுதி, வரிசைப்படுத்தினேன். அப்பாவின் பெயரில் தொடங்கி, தகப்பன் பெயர், பிறந்த இடம், எந்த வயதில் வந்தார், முதல் தோட்டம், இப்போதைய தோட்டம், செய்த வேலை, மனைவி பெயர், பிள்ளைகள் எத்தனை, இந்தியாவில் யாரும் இருக்கிறார்களா என்று போய், பதினொன்றாவதாக எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று முடியும்.

முதலில் பன்னிரண்டு இருந்தன. மனைவி எங்கே என்பதும் ஒரு கேள்வி. முதல் நாள் அவர், கொழுந்துக்குப் போயிருக்கிறாள் என்றார். அம்மா இறந்துவிட்டார் என்று திருத்தினேன். அவர் கேள்விப்படாத செய்தி போல என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். அவர் அழுததைப் பார்த்து அடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. விசாரித்துப் பார்த்ததில், மனைவி இறந்திருந்தால் சான்றிதழைக் காட்டினால் போதும் என்று தெரிந்தது.

காலை ஆறரைக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய் முடிந்து சந்தடி அடங்கிய பிறகு, நான் வெள்ளைச் சேலை கட்டி, புத்தகத்தோடு அவர் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். அவர் கட்டிலில் இருப்பார். தேத்தண்ணி ஊற்றி மேசையில் மூடி வைத்திருப்பேன். பதினொன்றும் முடிந்த பிறகு கொடுப்பேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடமும் சொன்னதில்லை. ஐந்து நிமிடம்தான், சில நாள் பத்து நிமிடம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தேத்தண்ணிக்காக அந்த மனிதர் தன் தகப்பன் பெயரைத் தேடியதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்கிறவள் நான்.

பையையும் எடுத்துவிட்டேன். ஏழாவது கேள்விக்கு, தபால் வேலை செய்தேன், இப்போது இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். பை தோளில் இருக்கும்வரை, தபால் வேலை செய்கிறேன், நேரமாகிறது, விடுங்கள் என்றே சொன்னார். அதனால் பையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். தபால் தொலைந்தால் துரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நடுங்கினார். மூன்றாம் நாள் தேடவில்லை. “தேடுவது நின்றது” என்று எழுதியிருக்கிறேன், நல்ல செய்தி போல.

அன்று மாட்டுப் பட்டியில் காத்திருந்து பார்த்துவிட்டு அத்தை மேலே வந்தார். நான் அப்பாவிடம் விட்டுப்போன இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“ஏன் மருமகளே, காய்ச்ச பாக்குற கண்ணாடிய வாயிலயே வெச்சிருந்தா காய்ச்ச எறங்கிருமா?”

இது விசாரணைக்காக என்றேன்.

“வெசாரணைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. நீ தெனந்தெனம் வெசாரிச்சிக்கிட்டு இருக்க.”

சொல்லாவிட்டால் அவரை அனுப்பிவிடுவார்கள் என்றேன். அத்தை வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு, அதில் என்ன கெட்டுப்போகிறது என்று மெதுவாகக் கேட்டார். தாங்கள் எப்படியும் போகிறோம், மாற்றி எழுதிக் கொடுத்தால் அண்ணனையும் கூட்டிப் போகிறோம், அவரும் அதைத்தானே தினமும் கேட்கிறார் என்றார்.

முடியாது என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். கப்பல் பயணம் தாங்க மாட்டார். அக்கரையில் மண்டபம் முகாமில் எத்தனை நாள் வைப்பார்கள் என்று தெரியாது. புது இடம் போனால் நோய் கூடும். அங்கே அவருக்கு வைத்தியம் பார்க்க யாரும் இல்லை. நான்கும் நல்ல காரணங்கள். லயத்திலிருந்து குவாட்டர்ஸுக்கு மாற்றியபோது மூன்றாவது காரணம் எனக்கு நினைவு வரவில்லை. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அப்பாவும் போய்விட்டால் இந்த நாட்டில் எனக்கென்று ஒருவரும் இல்லை. அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தை புரிந்துகொண்டிருப்பார், வேறு ஏதாவது வழி யோசித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

“ஒங்கப்பன், ஒன் இஷ்டம்” என்று எழுந்தார். “ஒன்னு மட்டும் சொல்றேன். ஒன்னப் பாத்தா அவரு தலத்துண்ட எடுக்குறாரு. பாத்தியா?”

பார்த்திருந்தேன். பார்த்தது மட்டுமல்ல, எழுதியும் வைத்திருந்தேன். கேள்விகள் தொடங்கி மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, நான் நாற்காலியைப் போட்டதும் அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கட்டி நேராக நின்றார். கேள்வி முடியும்வரை உட்காரவில்லை. பதில்கள் முன்பைவிடத் தெளிவாக வந்தன. அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: “நிற்கிறார். கவனம் கூடியிருக்கிறது. முன்னேற்றம்.”

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். துரையின் பங்களா வாசலில், கிளாக்கரையா மேசை முன்னால், அப்பா எப்படி நிற்பார் என்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள். அத்தை முன்னால் ஒரு நாளும் அவர் துண்டை எடுத்ததில்லை. எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அத்தை கேட்ட பிறகாவது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் பதில்கள் சரியாக வந்துகொண்டிருந்தன. ஒன்பது சரி, பத்து சரி, ஒரு வாரம் முழுக்கப் பதினொன்று சரி. கட்டங்கள் நிரம்பியிருந்தன. நிறுத்த மனம் வரவில்லை.

ஊருக்குப் போகணும் என்று சொல்வதும் நின்றது. எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று கேட்டால், “இந்த நாட்டுலதாங்க” என்றார். என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசுகிறார் என்பதைக் கவனித்தேன். விசாரணையில் மரியாதையாகப் பேச வேண்டும்தானே, நல்லது என்று நினைத்தேன்.

விசாரணை மாத்தளையில். காலை பஸ்ஸில் போனோம். அப்பாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தேன். பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தார். இருவரும் நல்லவர்கள். அதிகாரி அப்பாவின் வயதைப் பார்த்து, தானே எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

கேள்விகள் வந்தன. என் வரிசையில் வரவில்லை; ஆனாலும் அப்பா தடுமாறவில்லை. தகப்பன் பெயர் சொன்னார். பிறந்த இடம் சொன்னார். ஒன்பது வயதில் வந்ததாகச் சொன்னார். தபால் வேலை செய்தேங்க, இப்ப இல்லைங்க என்றார். நான் மடியில் வைத்திருந்த தாளில் பென்சிலால் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டேன். எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று கேட்டபோது என் கை நின்றுவிட்டது. “இந்த நாட்டுலதாங்க” என்றார். அடையாளம் போட்டேன். எனக்கு அழுகை வரும் போல இருந்தது, சந்தோஷத்தில்.

பிள்ளைகள் பற்றி மட்டும் மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் கூடக் கேட்டார். அது விசாரணைக்கு வேண்டியதா, சும்மா பேச்சுக்குக் கேட்டாரா தெரியாது.

“எத்தன புள்ளைங்க ஐயா?”

“ஒன்னுங்க. பொம்பளப் புள்ள.”

“அது எங்க இருக்கு?”

“படிக்கப் போயிருக்குங்க. மிட்வைப்பு வேலைக்கு.” அப்பாவின் முகம் மலர்ந்தது. அறுபத்து நான்கு நாட்களில் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. “லீவுக்கு வரும்.”

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். அப்பாவோடு வர அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம் அவர் முன்னால் இருந்தது. மகள் என்று அதில் எழுதியிருந்தது.

“அப்ப இவங்க யாரு?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். தயங்கவில்லை. “இவங்க ஆபீசரம்மாங்க. காலையில கேள்வி கேப்பாங்க. நான் எல்லாம் சரியாச் சொல்லிருவேங்க.” பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, “சரியாத்தாங்க சொன்னேன்?” என்று கேட்டார்.

சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன்.

அறுபத்து நான்கு நாட்களில் நான் யார் என்று அவரிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், அத்தையைப் போல நானே சொல்லியிருக்கலாம். மகள் வந்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம். அது என் பட்டியலில் இல்லை. அதிகாரிக்கு அது தேவைப்படாது என்பதால் எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரி சிங்களத்தில் என்னிடம், அப்பாவுக்கு எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். தன்னுடைய தாயும் இப்படித்தான் இருந்தார் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கடதாசியில் எழுதி, என்னையும் ஓர் இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்துக்குப் பக்கத்தில் உறவு என்ன என்று ஒரு கோடு இருந்தது. நான் எழுதும்வரை இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஒரு இடம் கிடைத்தது. அவரை உட்கார வைக்கப் பார்த்தேன். அவர் ஒதுங்கி நின்று, “நீங்க உக்காருங்கம்மா” என்றார். ரத்தோட்டை வரை அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து வந்தார்கள்.

மறுநாள் காலை நாற்காலி போடவில்லை. தேத்தண்ணியை முதலில் கொடுத்தேன். அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், கேள்விக்காக நின்றார். ஆறிப்போகும்வரை நின்றார். கடைசியில் நானே பெயர் என்ன என்று ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பதில் சொல்லிவிட்டுக் குடித்தார்.

மூன்று மாதம் கழித்து அத்தை குடும்பம் புறப்பட்டது. போவதற்கு முதல் நாள் அண்ணனைப் பார்க்க வந்தார். இருவரும் மாலை வரை பேசினார்கள். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. நான் டிஸ்பென்சரியிலேயே இருந்துகொண்டேன். நான் உள்ளே போனால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். அத்தை இறங்கும்போது டிஸ்பென்சரி வாசலில் நின்றார். நாளைக்கு மாத்தளையில் அழுதால் போதும், இங்கேயும் அழ வேண்டாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

“நான் போறத அவருகிட்ட சொல்லல” என்றார். “நீயும் சொல்லாத. தெனம் மத்தியானம் நான் மலைக்குப் போயிருக்கேன்னு சொல்லு.”

கோச்சி ஏற்ற எல்லோரும் மாத்தளை ஸ்டேசனுக்குப் போனார்கள். நான் அப்பாவோடு இருந்துவிட்டேன். அன்று மத்தியானம் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மலைக்குப் போயிருக்கிறார் என்றேன். “சரிங்கம்மா” என்றார்.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் வெள்ளைச் சேலை கட்டுவதில்லை. புத்தகத்தை அவர் கண்ணில் காட்டுவதில்லை. அவர் கட்டிலில் இருந்தால் நான் தரையில் உட்காருகிறேன். கேள்வி கேட்பதில்லை, மழையைப் பற்றி, மலையைப் பற்றி ஏதாவது சொல்கிறேன். மகள் வந்திருக்கிறேன் என்று சில வாரம் சொல்லிப் பார்த்தேன். அவர் குழம்பினார். மகள் சின்னப் பிள்ளை என்றார். விட்டுவிட்டேன். கங்காணியின் மீசையைக் கேலி செய்து பார்த்தேன். சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

சில நாட்களில் அவரே பேச்சைத் தொடங்குவார். தயங்கித் தயங்கி, ஒரு மனு கொடுப்பவரைப் போல.

“எம் புள்ளைக்கு ரெண்டு நாள் லீவு குடுக்கச் சொல்லுங்கம்மா. பாத்து ரொம்ப நாளாச்சு.”

முதல் தடவை எழுந்து போய்விட்டேன். இப்போது பதில் சொல்லப் பழகிவிட்டேன். எழுதிப் போட்டிருக்கிறேன், கட்டாயம் கொடுப்பார்கள் என்கிறேன். அவர் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். எவ்வளவு கெட்டிக்காரி, எத்தனை வயதில் எழுதப் பழகினாள், தகரப் பெட்டியை அவர் எப்படித் தூக்கிப் போனார். நான் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த நேரங்களில் அவர் கலக்கமில்லாமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிரஜாவுரிமைச் சான்றிதழ் போன மாசி மாதம் தபாலில் வந்தது; அப்பாவின் பெயரில் ஒரு தவறும் இல்லை. அத்தை நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மகனோடு இருக்கிறார். இரண்டு கடிதம் போட்டார். ஒன்றுக்கு நலம் என்று பதில் எழுதினேன், மற்றதற்கு இன்னும் எழுதவில்லை. அப்பா இரண்டு வேளை சாப்பிடுகிறார், ஒரு வேளை ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. நாங்கள் இருவரும் இந்த நாட்டில்தான் இருக்கிறோம். அவருக்கு நான் ஆபீசரம்மா.